உலோகத் தெளிப்பில் அடிப்பூச்சுக் கம்பி: நிக்கல்-அலுமினியமா, மாலிப்டினமா, அலுமினிய வெண்கலமா?

கேள்வி: சுழல்தண்டு

வணக்கம். தேய்ந்துபோன ஷாஃப்ட்டுகளையும் பேரிங் இருக்கைகளையும் உலோகத் தெளிப்பின் மூலம் மீட்டெடுக்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். எங்களிடம் இருப்பது 1.6 மி.மீ. கம்பியில் இயங்கும் இரட்டைக் கம்பி ஆர்க் ஸ்ப்ரே கருவி; இரண்டு கம்பிகளின் நுனியை மின்வில்லில் உருக்கிக் காற்றால் தெளிப்பது. இதுவரை பெரும்பாலும் 13 சதவீதக் குரோமியம் கொண்ட துருப்பிடிக்காத எஃகுக் கம்பியையே அடிப்பூச்சு (மேற்பூச்சு பிடிப்பதற்காக முதலில் தெளிக்கும் மெல்லிய அடுக்கு) ஏதுமின்றி நேரடியாகத் தெளித்து வந்தோம். மெல்லிய பூச்சுகளில் குறை எதுவும் வந்ததில்லை.

சென்ற மாதம் ஒரு காற்றூதியின் ஷாஃப்ட் வந்தது. நடுத்தரக் கார்பன் எஃகு. பேரிங் அமரும் இடத்தின் விட்டம் 90 மி.மீ., நீளம் 120 மி.மீ. தேய்ந்த பகுதியைச் சீராகக் கடைந்து எடுத்தபோது 88.4 மி.மீ. வரை இறங்க வேண்டியதாயிற்று. அதன்மேல் ஒரு பக்கத்துக்கு 1.1 மி.மீ. கனம் வரும்வரை தெளித்து, ஆறவிட்டுச் சாணை பிடித்தோம். கடைசிச் சுற்றுகளில் சாணையின் ஓசை மாறியது. சுத்தியலின் மரப்பிடியால் தட்டிப் பார்த்தபோது ஒரு புறம் மட்டும் மந்தமாக ஒலித்தது. மறுநாள் காலை ஓரத்தில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு தெரிந்தது; உளியின் நுனியை வைத்ததும் பூச்சு நீளவாக்கில் பிளந்து ஓடாகக் கழன்று வந்துவிட்டது.

அடிப்பூச்சு இல்லாமல் இவ்வளவு கனம் தெளித்தது தவறு என்று புரிகிறது. ஆனால் எந்தக் கம்பியை வாங்குவது என்பதில்தான் தெளிவில்லை. 95/5 நிக்கல்-அலுமினியம் (95 சதவீத நிக்கல், 5 சதவீத அலுமினியம்) போதும் என்று ஒருவர் சொல்கிறார். பிடிப்பில் மாலிப்டினத்தை மிஞ்சியது இல்லை என்று மற்றொருவர் சொல்கிறார். அலுமினிய வெண்கலம் விலை குறைவு, அதுவே போதும் என்பது மூன்றாமவரின் கருத்து. இந்த ஷாஃப்ட்டைத் தவிர, உப்புநீர் பம்ப் ஒன்றின் கார்பன் எஃகு ஷாஃப்ட்டும், உட்புறம் தேய்ந்த ஒரு வெண்கல ஹவுசிங்கும் கைவசம் உள்ளன. மூன்றுக்கும் பொதுவாக ஒரே கம்பியை வைத்துக்கொள்ள முடியுமா? விவரத்தாள்களில் காணும் பிடிப்பு வலிமை எண்களை நம்பித் தேர்ந்தெடுக்கலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: சுடரும் கம்பியும்

ஐயா, கம்பி வாங்குவதற்கு முன் கழன்று வந்த அந்த ஓட்டைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அதன் உட்புறத்தில் கடைசல் உளியின் வரிகள் அப்படியே அச்சாகப் பதிந்து பளபளப்பாக இருந்தால், கிரிட் பிளாஸ்டிங் (கூரான துகள்களைக் காற்றழுத்தத்தில் வீசி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவது) உலோகத்தைக் கடிக்கவே இல்லை என்று பொருள். உட்புறம் கருத்தோ பழுப்பாகவோ இருந்தால், பிளாஸ்டிங்குக்கும் தெளிப்புக்கும் இடையில் நேரம் கடந்து மேற்பரப்பு ஆக்சைடு ஆகியிருக்க வேண்டும், அல்லது முன்சூடு அளவு மீறியிருக்க வேண்டும். ஷாஃப்ட்டின் மேல் பூச்சின் சிறு தீவுகள் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டு மற்ற இடம் கழன்றிருந்தால், பிடிப்பு ஓரளவு இருந்தும் பூச்சின் உள்ளிழுவிசை அதை வென்றுவிட்டது என்று கொள்ளலாம். அடிப்பூச்சுக் கம்பி இந்த மூன்றாவது நிலைக்குத்தான் நேரான மருந்து. முதல் இரண்டுக்கும் எவ்வளவு விலை கொடுத்து எந்தக் கம்பியை வாங்கினாலும் தீர்வு கிடைக்காது.

உள்ளிழுவிசை என்பது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். உருகிய ஒவ்வொரு துளியும் ஷாஃப்ட்டில் மோதித் தட்டையாகி, நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் உறைந்து சுருங்குகிறது. கீழே ஏற்கெனவே உறைந்திருக்கும் அடுக்கு அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அடுக்கின்மேல் அடுக்காக இந்த இழுவை சேர்ந்துகொண்டே போவதால், 0.3 மி.மீ. கனத்தில் அமைதியாக இருக்கும் பூச்சு 1 மி.மீ. தாண்டியதும் ஓரங்களைத் தூக்கத் தொடங்குகிறது. நீங்கள் தேர்ந்த 13 சதவீதக் குரோமியக் கம்பி உண்மையில் சுருக்கம் குறைந்த வகை. உறைந்தபின் ஆறும்போது அதில் மார்ட்டன்சைட் என்ற கடினமான எஃகு அமைப்பு உருவாகிச் சற்றே விரிவதால் இழுவிசையின் ஒரு பகுதி ஈடாகிறது. அதே கனத்தை 18-8 வகைத் (18 சதவீதக் குரோமியம், 8 சதவீத நிக்கல்) துருப்பிடிக்காத எஃகில் தெளித்திருந்தால் சாணை வரைக்கும்கூட வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

காற்றூதி ஷாஃப்ட்டுக்கு என் பரிந்துரை 95/5 நிக்கல்-அலுமினியம்தான். ஆர்க்கில் உருகும் இந்தக் கம்பியின் துளிகள் மிகுந்த வெப்பத்தோடு வந்து விழுகின்றன. அதிலுள்ள அலுமினியம் வழியிலேயே காற்றுடன் வினைபுரிந்து மேலும் வெப்பத்தைத் தருகிறது. எஃகின் மேற்பரப்பில் விழும் இடங்களில் நுண்ணிய பற்றவைப்புப் போன்ற பிணைப்பு ஏற்படுவதால், சொரசொரப்பில் துளிகள் சிக்கி நிற்கும் வெறும் கொக்கிப் பிடிப்பை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. நிக்கலின் வெப்ப விரிவும் எஃகின் வெப்ப விரிவும் நெருங்கியவை என்பது இன்னொரு நன்மை. பூச்சின் முகம் சொரசொரப்பாக அமைவதால் மேற்பூச்சுக்கு நல்ல பற்றுதல் கிடைக்கிறது.

மாலிப்டினத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அதன் உருகுநிலை 2,620 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அவ்வளவு சூட்டில் வந்து விழும் துளி, எஃகின் மேல்தோலை நுண்ணளவில் உருக்கி அதனோடு கலந்துகொள்கிறது. பிஸ்டன் வளையங்களில் அது நீண்ட காலம் பயன்பட்டதற்கு அந்தப் பிடிப்பும் தேய்மானத் தாங்குதிறனுமே காரணம். ஆனால் அதற்குச் சில எல்லைகள் உண்டு. செம்பு, பித்தளை, வெண்கலம், குரோமிய முலாம், நைட்ரைடு செய்யப்பட்ட (நைட்ரஜன் ஏற்றி மேல்தோலைக் கடினமாக்கிய) எஃகு ஆகியவற்றில் அது ஒட்டாது. காற்றில் ஏறத்தாழ 320 டிகிரிக்கு மேல் வேலை செய்யும் உறுப்புகளில் அதை நம்பக் கூடாது. இன்னும் சூடு ஏறினால் அதன் ஆக்சைடு ஆவியாகிப் போய்விடும். மாலிப்டினம் பெரும்பாலும் ஆக்சிஜன்-அசிட்டிலீன் சுடர்க் கருவியில் தெளிக்கப்படுவது. ஆர்க் கருவியிலும் முடியும் என்றாலும், கருவி மாற்றாமல் எளிதாகச் செய்ய விரும்புகிறவருக்கு நிக்கல்-அலுமினியமே வசதி. உங்கள் ஷாஃப்ட் எப்போதாவது நைட்ரைடு செய்யப்பட்டதா என்பதை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். செய்யப்பட்டிருந்தால் எந்தக் கம்பியாக இருந்தாலும் அந்தக் கடினத் தோலைச் சாணையில் முழுவதும் எடுத்த பிறகே பிளாஸ்டிங்.

அளவைப் பற்றி ஒரு சொல். அடிப்பூச்சு 75 முதல் 125 மைக்ரான் வரை இருந்தால் போதும். நல்ல கம்பியாயிற்றே என்று 0.5 மி.மீ. ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் பிடிப்பு கூடுவதில்லை. உங்கள் இருக்கையின் பரப்பு சுமார் 340 சதுர செ.மீ.; 100 மைக்ரான் கனத்துக்கு ஷாஃப்ட்டில் தங்க வேண்டியது ஏறத்தாழ 25 கிராம். சிதறிப்போவதையும் சேர்த்து 50 கிராம் என்று வைத்துக்கொண்டாலும், 1.6 மி.மீ. கம்பி மீட்டருக்கு 17 கிராம் அளவில் இருப்பதால், இரண்டு சுருளிலிருந்தும் தலா ஒன்றரை மீட்டர்தான் செலவாகும். நிக்கல் கம்பி விலை கூடியதுதான். இந்தக் கணக்கைப் பார்த்தபின் அதற்காக அடிப்பூச்சைத் தவிர்ப்பதற்கு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தெளிக்கும்போது துப்பாக்கியை 100 முதல் 150 மி.மீ. தூரத்தில், மேற்பரப்புக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைத்தால் துளி பெரிதாகி முகம் இன்னும் சொரசொரப்பாகும். அடிப்பூச்சுக்கு அதுவே வேண்டியது. மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகியவற்றுக்குக் கம்பியோடு வரும் விவரத்தாளையே தொடக்கமாகக் கொள்ளுங்கள். வெண்கல ஹவுசிங்கைப் பொறுத்தவரை, மாலிப்டினம் அங்கே கூடாது. அலுமினிய வெண்கலக் கம்பி தானே ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது என்பதால் அடிப்பூச்சும் மேற்பூச்சும் அதுவாகவே இருக்கலாம். உள்விட்டத்தில் சுருக்கம் பூச்சைச் சுவரிலிருந்து விலக்கி இழுக்கும் என்பதை மறக்காமல், கனத்தைக் கூடியவரை குறைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: உவர்நீர்

மேலே சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் உப்புநீர் பம்ப் பற்றி அவர் எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டார். அதுதான் மூன்றிலும் ஆபத்தான வேலை என்பதால் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அதே போன்ற கார்பன் எஃகு ஷாஃப்ட் ஒன்றை நான் 95/5 அடிப்பூச்சும் அதன்மேல் துருப்பிடிக்காத எஃகும் தெளித்துக் கொடுத்தேன். சாணை பிடித்தபின் கண்ணாடி போல இருந்தது. தட்டினால் மணி போல ஒலித்தது. ஐந்து மாதத்தில் திரும்பி வந்தது. மேற்பூச்சில் கீறல்கூட இல்லை, ஆனால் ஓரத்தில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கோடு கசிந்திருந்தது. நகத்தால் நெம்பியதும் ஒரு பெரிய துண்டு மேலெழுந்தது. அதன் அடியில் எஃகு இருந்த இடத்தில் ஈரமான துருச்சேறு. பூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் கீழிருந்த ஷாஃப்ட்தான் அரித்துப் போயிருந்தது.

காரணம் எளியது. ஆர்க் தெளிப்புப் பூச்சில் நுண்துளைகள் இல்லாமல் இருப்பதில்லை. உப்புநீர் அவற்றின் வழியே இறங்கி எஃகைத் தொட்டதும், நிக்கல் கேதோடாகவும் (அரிக்கப்படாத முனை) எஃகு ஆனோடாகவும் (அரிக்கப்படும் முனை) மாறி ஒரு மின்கலம் உருவாகிவிடுகிறது. பரந்த நிக்கல் பரப்பு, துளையின் அடியில் குண்டூசித் தலையளவு எஃகு என்ற விகிதத்தில் அரிப்பு முழுவதும் அந்தச் சிறு இடத்தில் குவிகிறது. அலுமினிய வெண்கலத்தைப் போட்டாலும் இதே கதைதான். மாலிப்டினமும் எஃகைவிட மேம்பட்ட உலோகமே என்பதால் அதிலும் பாதுகாப்பு இல்லை.

துளையடைப்பானாக எபாக்ஸியோ பீனாலிக் பிசினோ தெளித்த சூடு முற்றிலும் ஆறும் முன்னரே தடவி, சாணைக்குப் பின் இன்னொரு முறை தடவினால் ஆயுள் நீளும். ஆனாலும் கார்பன் எஃகின்மேல், தொடர்ந்து உப்புநீரில் நனையும் இடத்தில் நான் இனி ஆர்க் தெளிப்பைச் செய்வதில்லை. அந்த வாடிக்கையாளரிடம், அரிப்பைத் தாங்கும் உலோகத்தில் திடமான ஸ்லீவ் (ஷாஃப்ட்டின்மேல் மாட்டும் குழல் உறை) ஒன்றைச் செய்து இறுக்கமாக ஏற்றுவதுதான் நேர்மையான வழி என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வேலை ஒன்று குறையும் என்பது உண்மை. ஆனால் உப்புநீரில் அந்த ஷாஃப்ட் முறிந்தால் பம்பே போய்விடும்.

துருப்பிடிப்பைத் தடுப்பதற்காகவே துத்தநாகமோ அலுமினியமோ தெளிக்கும் வேலைகள் வேறு கணக்கு. அங்கே பூச்சு எஃகுக்காகத் தன்னைத் தியாகம் செய்ய வேண்டும் என்பதால், நன்றாக பிளாஸ்டிங் செய்த எஃகின்மேல் நேரடியாகவே தெளிப்பார்கள். இடையில் நிக்கலைக் கொண்டுவருவது நோக்கத்தையே கெடுக்கும்.

பதில்: இழுவைச் சோதனை

விவரத்தாள் எண்களைப் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

பிடிப்பு வலிமை பெரும்பாலும் ஏஎஸ்டிஎம் சி633 அல்லது ஐஎஸ்ஓ 14916 முறையில் அளக்கப்படுகிறது. ஒரு உருளையின் முகத்தில் பூச்சைத் தெளித்து, அதன்மேல் மற்றோர் உருளையை எபாக்ஸிப் பசையால் ஒட்டி, இழுவைப் பொறியில் பிரியும்வரை இழுப்பார்கள். அந்தப் பசையின் வலிமையே ஏறத்தாழ 70 மெகாபாஸ்கல் அளவில் நின்றுவிடும் என்பதால், அதை நெருங்கும் எண்களில் முறிந்தது பூச்சா பசையா என்று குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பசை முறிந்திருந்தால் அந்த எண் பூச்சின் உண்மையான வலிமையைச் சொல்வதில்லை. அதற்கு மேல் ஏதோ ஓர் அளவு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அப்படிப்பட்ட இரண்டு கம்பிகளில் ஒன்று 62, மற்றொன்று 66 என்று இருப்பதை வைத்துத் தேர்வு செய்வதற்கு அடிப்படையே இல்லை.

மேலும் அந்த எண்கள் ஆய்வகத்தில் தட்டையான, புதிதாக பிளாஸ்டிங் செய்த முகத்தில் கிடைத்தவை. உங்கள் ஷாஃப்ட்டில் ஓரங்கள் உண்டு, சாவிப்பள்ளம் இருக்கக்கூடும், கனமும் வேறு. ஆகவே கம்பியை வாங்கியதும் முதலில் தகட்டில் வளைவுச் சோதனை செய்யுங்கள். ஒரு மி.மீ. கனமுள்ள எஃகுத் தகடுகளை ஷாஃப்ட்டுக்குச் செய்வதுபோலவே பிளாஸ்டிங் செய்து, ஒன்றில் அடிப்பூச்சு இல்லாமலும் மற்றொன்றில் அடிப்பூச்சோடும் தெளித்து, பூச்சு வெளிப்புறம் இருக்கும்படி ஒரு உருளைக் கம்பியைச் சுற்றி வளையுங்கள். வெடிப்பு வருவது இயல்பு, அது குறையன்று. வெடித்த துண்டுகள் தகட்டிலேயே பிடித்துக்கொண்டு நிற்கின்றனவா, செதிளாக உதிர்கின்றனவா என்பதுதான் பார்க்க வேண்டியது.

கம்பி வாங்கும்போது ஐஎஸ்ஓ 14919 தரத்துக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். தெளிப்புக்கான கம்பிகளின் கலவை, விட்டம், மேற்பரப்பு ஆகியவற்றை அந்தத் தரம் வரையறுக்கிறது. சுருளில் வளைவு நெளிவு இருந்தால் ஆர்க் விட்டு விட்டு எரியும். அதன் விளைவு அடிப்பூச்சில் பெரிய உருகாத கட்டிகளாகத் தெரியும்.

கேள்வி கேட்டவர்: சுழல்தண்டு

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓட்டைத் திருப்பிப் பார்த்தேன். பாதிப் பரப்பில் உளி வரிகள் பளபளவென்று பதிந்திருந்தன. அதைப் பார்த்தபோது பழியைக் கம்பி மேல் போட முடியாது என்று தெரிந்துவிட்டது. எங்கள் அலுமினிய ஆக்சைடு கிரிட்டைக் கையில் எடுத்து உருட்டினால் மணலைப் போல வழவழப்பாக இருக்கிறது. பலமுறை சுழன்று முனை மழுங்கியிருக்கிறது. பிளாஸ்டிங் குழாயின் முன் ஒரு வெள்ளைத் தாளை ஒரு நிமிடம் பிடித்தபோது நடுவில் மஞ்சளான எண்ணெய்ப் புள்ளிகள் விழுந்தன. கம்ப்ரசரின் வடிகட்டியை மாற்றிவிட்டோம், கிரிட்டும் புதிது வாங்கினோம்.

அதன் பிறகு தகட்டுச் சோதனை செய்தோம். அடிப்பூச்சில்லாத தகட்டில் புதிய கிரிட்டினாலேயே பிடிப்பு முன்பைவிட நன்றாக இருந்தது, ஆனால் வளைத்தபோது ஓரத்தில் நகமளவு செதிள்கள் உதிர்ந்தன. 95/5 அடிப்பூச்சு உள்ள தகட்டில் வெடிப்புகள் மட்டும் குறுக்கே விழுந்தன; ஒரு துண்டும் கழலவில்லை. ஷாஃப்ட் நைட்ரைடு செய்யப்படாதது என்று உரிமையாளர் எழுத்தில் தந்துவிட்டார். உப்புநீர் பம்புக்கு ஸ்லீவ் செய்துகொள்ளும்படி சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு ஐயம் மீதமிருக்கிறது. எங்களிடம் துப்பாக்கி ஒன்றுதான். அடிப்பூச்சு முடிந்ததும் நிக்கல் சுருள்களைக் கழற்றி எஃகுச் சுருள்களை மாட்ட பதினைந்து நிமிடமாகிறது. அந்த இடைவெளியில் பூச்சு கெட்டுவிடுமா? மறுபடியும் லேசாக பிளாஸ்டிங் செய்ய வேண்டுமா?

பதில்: சுடரும் கம்பியும்

கண்டிப்பாக பிளாஸ்டிங் செய்யாதீர்கள். அடிப்பூச்சின் சொரசொரப்பைத்தான் மேற்பூச்சு பற்றிக்கொள்ள வேண்டும். கிரிட் பட்டால் அந்த முனைகள் மழுங்கும், உடைந்த துகள்களும் பள்ளங்களில் சிக்கிக்கொள்ளும். பதினைந்து நிமிடம் பெரிய இடைவெளி அன்று. ஷாஃப்ட்டை லேத்தில் மெதுவாகச் சுழலவிட்டபடியே வைத்திருங்கள், சூடு கையால் தொடமுடியாத அளவில் இருந்தால் ஈரம் படியாது. ஆறிவிட்டதென்று தோன்றினால் ஏறத்தாழ 100 டிகிரிக்கு மீண்டும் மிதமாகச் சூடேற்றிவிட்டு மேற்பூச்சைத் தொடங்குங்கள். 150 டிகிரியைத் தாண்ட வேண்டாம். அந்த முகத்தை யாரும் விரலால் தொடக் கூடாது, கையுறை போட்டிருந்தாலும் கூடாது. சுருள் மாற்றும்போது கம்பி செல்லும் குழாய்களையும் தொடுமுனைகளையும் காற்றால் ஊதிச் சுத்தம் செய்துவிட்டு, முதல் சில நொடிகள் ஷாஃப்ட்டுக்கு வெளியே ஒரு பழைய தகட்டில் தெளித்து ஆர்க் சீரானதும் உள்ளே கொண்டுவாருங்கள்.

கடையும்போது பள்ளத்தின் இரு ஓரங்களையும் கூர்மையான செங்குத்துச் சுவராக விடாமல் சற்றுச் சரிவாக்குங்கள். செங்குத்து மூலையில் துளிகள் நேராகச் சென்று படியாமல் வெற்றிடம் விழும், கழலுவது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். அதே வேளை பூச்சு கூர்நுனியாக மெலிந்து முடியும்படியும் விடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. இதுவரை இரும்புக் கம்பி மட்டும் தெளித்திருந்த பட்டறை நிக்கலுக்கு மாறும்போது புகையின் தன்மையும் மாறுகிறது. நிக்கல் சேர்மங்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வகைப்படுத்தியிருக்கிறது. உங்கள் எஃகுக் கம்பியிலுள்ள குரோமியமும் ஆர்க்கின் சூட்டில் தீங்கான வடிவத்தில் புகையில் கலக்கக்கூடியது. கதவைத் திறந்துவைத்து விசிறி போடுவது போதாது. தெளிக்கும் இடத்திலேயே புகையை உறிஞ்சி வடிகட்டும் அமைப்பு வேண்டும். தெளிப்பவருக்கு வெளிக்காற்று வரும் முகக்கவசமும் காதடைப்பானும் ஆர்க் கண்ணாடியும் வேண்டும். உறிஞ்சும் குழாய் இன்னும் பொருத்தப்படவில்லை என்றால் ஷாஃப்ட் ஒரு வாரம் காத்திருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்: சுழல்தண்டு

உறிஞ்சும் விசிறி இருக்கிறது, ஆனால் அதன் வாய் லேத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. அதை ஷாஃப்ட்டுக்கு எதிரே, துப்பாக்கியின் நேர்க்கோட்டில் கொண்டுவர நாளை ஆள் வருகிறார். வடிகட்டிப் பையையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். அது முடிந்த பிறகே சுருளை மாட்டுவோம்.

வெண்கல ஹவுசிங்குக்கு அலுமினிய வெண்கலக் கம்பி ஒரு சுருள் தனியாகச் சொல்லிவிட்டேன். ஷாஃப்ட்டைச் சாணை பிடித்து முடித்ததும் தட்டிக் கேட்ட ஓசையையும், அளந்த விட்டத்தையும் இங்கே எழுதுகிறேன்.